அப்பாவுக்கு ஒரு பொட்டலம்

ஒன்பது வயதும் பதினோரு மாதமும். வாயில் அடக்கும், மெல்லும் புகையிலையை ஒரு தடவையாவது தொட்ட இந்தியப் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த வயதை எட்டும் முன்பே அதை ஆரம்பித்துவிட்டார்கள். மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2019-ல் நடத்திய இளையோர் புகையிலை சர்வே சொல்லும் கணக்கு இது. துல்லியமாகச் சொன்னால் 9.9 வயது. பீடிக்கு அது 10.5. சிகரெட்டுக்கு 11.5. நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் வாய்ப்பாட்டில் பிள்ளைகள் திணறும் காலம்.

987 பள்ளிகளில் எடுக்கப்பட்ட அந்தச் சர்வேயில் 13 முதல் 15 வயதுள்ள பிள்ளைகளில் 8.5 சதவிகிதம் பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவது தெரிந்தது. பத்து வருடங்களுக்கு முன்பு 2009-ல் இது 14.6 சதவிகிதம். 2021-ல் அறிக்கை வெளியானபோது அமைச்சகம் இந்தச் சரிவைத்தான் எடுத்துச் சொன்னது. சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் தேசிய சராசரி என்பது எப்போதும் போல ஒரு போர்வை. இமாசலப் பிரதேசத்தில் 1.1 சதவிகிதம் என்றால் மிசோரத்திலும் அருணாசலப் பிரதேசத்திலும் 58 சதவிகிதம். சரிவு பற்றிய செய்திக்கு அடியில்தான் அந்த இன்னொரு தகவல் கிடந்தது: மெல்லும் புகையிலையைத் தொட்டவர்களில் 52 சதவிகிதம் பேரும், பீடி குடித்துப் பார்த்தவர்களில் 47 சதவிகிதம் பேரும், சிகரெட்டில் 38 சதவிகிதம் பேரும் பத்தாவது பிறந்த நாளுக்கு முன்பே அந்தக் காரியத்தைச் செய்திருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தச் சர்வேயில் யாரும் ஒன்பது வயதுப் பிள்ளையைக் கேட்கவில்லை. பதினாலு வயதுப் பையன் தன் நாலாம் வகுப்பை நினைத்துப் பார்த்துச் சொன்ன பதில்தான் நம் கையில் இருக்கிறது. ஞாபகம் ஒரு வருடம் முன்னே பின்னே போயிருக்கலாம். பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடர்ந்த வழக்கில் 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்ட பிறகுதான் குழந்தைகளிடையே போதைப் பழக்கம் எவ்வளவு என்று நாடு தழுவிக் கணக்கெடுக்கும் வேலை வேகம் பிடித்தது. சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் 2018-ல் எடுத்து 2019-ல் வெளியிட்ட அந்தப் பெரிய சர்வே 10 வயதில் தொடங்கி 75-ல் முடிகிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் கணக்குக்கு வெளியே. எழுதப் படிக்க இப்போதுதான் பழகும் குழந்தையிடம் கேள்வித்தாளை நீட்ட முடியாது, பெற்றோர் அனுமதி வேண்டும், இப்படிப் பல நியாயமான காரணங்கள் இருக்கின்றன. விளைவு என்னவோ ஒன்றுதான். நாலாம் வகுப்பில் நடப்பது நமக்கு ஐந்து வருடம் தாமதமாகத் தெரிகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த விஷயத்தில் ஒரு சொல் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆங்கில அறிக்கைகள் 'சப்ஸ்டன்ஸ்' என்று பொதுவாக ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய்விடுகின்றன. புகையிலை, சாராயம், கஞ்சா, பஞ்சர் ஒட்டும் பசை எல்லாம் அதில் அடக்கம். தமிழில் நாங்கள் 'போதைப் பொருள்' என்று எழுதுகிறோம். எழுதிய மறுகணம் வாசகர் மனதில் வெள்ளைப் பொடியும் துறைமுகமும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஆசாமியும் வந்துவிடுகிறார்கள். கைனிப் பொட்டலம் வருவதில்லை. பழைய 'லாகிரி வஸ்து' இதைவிடத் தாராளமான சொல்லாக எனக்குப் படுகிறது. மலையாளத்தில் 'லஹரி' இன்னும் உயிரோடு இருக்கிறது. நாம் அதைக் கைவிட்டுவிட்டோம்.

சொல்லில் ஏற்பட்ட கோணல் கவனத்திலும் ஏற்படுகிறது. பள்ளி வாசலில் மிட்டாயில் மருந்து கலந்து விற்கும் முகம் தெரியாத ஆளைப் பற்றிய எச்சரிக்கை வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெற்றோர்கள் கதிகலங்கிப் போகிறார்கள். அதே வீட்டில் சாயங்காலம் அப்பா பத்து ரூபாயைக் கொடுத்து, "ஓடிப் போய் அப்பாவுக்கு ஒரு பொட்டலம் வாங்கிட்டு வா, மிச்சத்துக்கு நீ மிட்டாய் வாங்கிக்க" என்கிறார். பையனுக்கு எந்த பிராண்டு என்று சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரருக்கும்தான்.

பத்து வயதுக்குள் ஒரு குழந்தை புகையிலையைத் தொடுவதற்கான காரணங்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்து சேரும் இடம் வீடுதான். பெற்றோர் பயன்படுத்துவது, கூடப் பிறந்தவர்களும் கூட்டாளிகளும் பயன்படுத்துவது, கை நீட்டினால் கிடைப்பது, கேட்க ஆளில்லாமல் இருப்பது. 2016-17 சர்வே ஒன்றின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 28.6 சதவிகிதம் பேர் புகையிலை உபயோகித்தார்கள். அதில் முதலிடம் சிகரெட்டுக்கு இல்லை, கைனிக்கு. உள்ளங்கையில் புகையிலையையும் சுண்ணாம்பையும் வைத்துக் கட்டை விரலால் தேய்க்கும் அந்த வித்தையை வடக்கே ஒரு குழந்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்கிறது, தாத்தாவைப் பார்த்து.

சில இடங்களில் அது பல் தேய்ப்பதிலேயே ஆரம்பித்துவிடுகிறது. மகாராஷ்டிரத்தில் மிஷ்ரி என்று ஒன்று உண்டு. புகையிலையைச் சூடான தகட்டில் கறுக்கும்வரை வறுத்து இடித்த பொடி. பீகாரிலும் வங்காளத்திலும் குல். ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் வெல்லப்பாகு சேர்த்துப் பிசைந்த குடாக்கு. பல்வலிக்கு நல்லது, வயிற்றைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கையில் அம்மா தேய்ப்பதைப் பெண்ணும் தேய்க்கிறது. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. வீட்டில் வறுக்கும் வாணலியை எந்தச் சட்டம் போய்ப் பார்க்கும்? பள்ளிச் சர்வேயில் பையன்கள் 9.6 சதவிகிதம், பெண்கள் 7.4 சதவிகிதம். புகையிலை ஆண்கள் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை இந்தச் சின்ன இடைவெளி திடுக்கிட வைக்கும். மிஷ்ரி பெண்கள் பழக்கம் என்பது தெரிந்தால் அவ்வளவு ஆச்சரியம் இருக்காது. மிசோரத்தில் இன்னும் விசித்திரம்: புகையிலைப் புகையைத் தண்ணீருக்குள் செலுத்தி எடுத்த துய்புர் என்ற திரவத்தை வாயில் வைத்திருந்து துப்புகிறார்கள்.

தமிழ் வாசகர் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். பேரனுக்கு ஒரு துண்டு பாக்கு கொடுக்காத பாட்டி யார்? ஆனால் புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-ல் அறிவித்துவிட்டது. இனிப்பும் வாசனையும் சேர்த்துப் பளபளக்கும் காகிதத்தில் வரும் பாக்கு பெட்டிக்கடையில் மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. அதற்கு அடுத்த சரத்தில் பான் மசாலா. அதற்கும் அடுத்ததில் புகையிலை. எட்டு வயதில் முதல் சரம் என்றால் மற்றவை எட்டாத உயரத்திலா இருக்கின்றன? உதட்டுக்கு அடியில் வைக்கும் 'கூல் லிப்' என்ற புகையிலைப் பொட்டலம் பள்ளி மாணவர்களிடையே பரவியதைப் பார்த்து, அதை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-ல் கேட்டது.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2003-ம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் 6-ம் பிரிவுப்படி 18 வயதுக்குக் கீழே யாருக்கும் புகையிலை விற்கக் கூடாது. அப்பா அனுப்பினார் என்பதற்கு அதில் விலக்கு கிடையாது. கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கவே கூடாது. மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். இது ஒரு சட்டம். 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77-ம் பிரிவைப் புரட்டினால், ஒரு குழந்தைக்கு மதுவோ போதை மருந்தோ புகையிலையோ கொடுப்பவருக்கும், கொடுக்கச் செய்பவருக்கும் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதே கடை, அதே பையன், அதே பொட்டலம். ஒரு சட்டத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு, இன்னொன்றில் ஏழு வருடம். பயமுறுத்த முடியாத அளவுக்குச் சின்னதாக ஒரு தண்டனையும், எந்த போலீஸ்காரரும் பெட்டிக்கடைக்காரர்மீது பிரயோகிக்கத் தயங்கும் அளவுக்குப் பெரியதாக ஒரு தண்டனையும் இருந்தால் நடுவில் பொட்டலம் சௌகரியமாகப் போய்ச் சேருகிறது.

குட்காவின் கதையும் இதே ரகம். 2012 ஏப்ரலில் மத்தியப் பிரதேசம் தடை செய்தது. மற்ற மாநிலங்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தன. தயாரிப்பாளர்கள் அசரவில்லை. பான் மசாலாவை ஒரு பொட்டலமாகவும் புகையிலையை இன்னொரு பொட்டலமாகவும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இரண்டையும் வாங்கிக் கலந்துகொள்வது வாடிக்கையாளர் பாடு. கடைக்குப் போகும் பையன் இப்போது இரண்டு பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்கிறான்.

புகையிலையைவிட வேகமாக ஆளைக் கவிழ்ப்பது பசை. எய்ம்ஸ் சர்வேயில் மது, கஞ்சா, அபின் வகைகள் எல்லாவற்றிலும் பெரியவர்களே முன்னால் நிற்கிறார்கள். முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் பொருள்களில் மட்டும் வரிசை தலைகீழ். 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 1.17 சதவிகிதம், பெரியவர்களில் 0.58. இந்த வயதில் சுமார் 4.6 லட்சம் பேருக்கு இதிலிருந்து மீள உதவி தேவை என்கிறது அறிக்கை. கொல்கத்தாவில் டென்ட்ரைட் பசை, டெல்லியில் ஒயிட்னரும் பஞ்சர் சொல்யூஷனும். இவற்றில் பலவற்றில் இருப்பது டொலுவீன் என்ற கரைப்பான். துணியில் நனைத்து முகர்ந்தால் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். பசி தெரியாது, குளிர் தெரியாது. இதயத் துடிப்பு தாறுமாறாகி முதல் தடவையிலேயே உயிர் போவதும் உண்டு. புட்டியில் வரும் ஒயிட்னரின் சில்லறை விற்பனையை மத்திய அரசு 2012-ல் தடுத்து, பேனா வடிவத்தில் மட்டும் அனுமதித்தது. சைக்கிள் ட்யூபுக்கான பசையை என்ன செய்வது?

இங்கே வீட்டைக் குற்றம் சொல்ல முடியாது, வீடு இருந்தால்தானே. பசையை முகரும் பிள்ளைகளில் கணிசமானவர்கள் ரயில் நிலையங்களிலும் குப்பை பொறுக்கும் இடங்களிலும் இருப்பவர்கள். ஒரு காலத்தில் ஏதோ ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அவர்களில் பலரின் பெயர் இருந்திருக்கும். முதலில் திங்கட்கிழமை வரவில்லை, பிறகு ஒரு வாரம், பிறகு பெயருக்கு நேரே சிவப்புக் கோடு. அந்தக் கோட்டைப் போடுமுன் வீடு தேடிப் போகும் ஓர் ஆசிரியர் பத்து போஸ்டர்களுக்குச் சமம். போதை எதிர்ப்புப் பாடங்களும் மன்றங்களும் பெரும்பாலும் ஆறாம் வகுப்புக்கு மேல்தான் தொடங்குகின்றன. மூன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு இதெல்லாம் தன் வேலை என்று யாரும் சொன்னதில்லை.

இருபது வருடங்களுக்கு முன்பே நமக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்தது. டெல்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில் 2004-ல் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களைக் கேட்டார்கள். ஸ்ரீநாத் ரெட்டியும் அவர் குழுவினரும் அதன் முடிவுகளை 2006-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். எட்டாம் வகுப்பில் புகையிலையை ஒரு தடவையாவது தொட்டவர்கள் 9.3 சதவிகிதம். ஆறாம் வகுப்பில் 24.8. வயது கூடக்கூடப் பழக்கம் கூடும் என்ற வழக்கமான கணக்கு இங்கே குப்புற விழுந்தது. அடுத்து வரும் தலைமுறை முன்கூட்டியே தொடங்குகிறது என்று ஆய்வாளர்கள் கவலைப்பட்டார்கள். கவலைப்பட்டதோடு நிற்கவும் இல்லை. பாதிப் பள்ளிகளில் இரண்டு வருடம் வகுப்பறைப் பயிற்சி, சுவரொட்டி, மாணவர்களே தலைமை ஏற்று நடத்தும் நிகழ்ச்சிகள், கூடவே பெற்றோருக்கு அஞ்சல் அட்டைகள். முடிவில் எதுவும் செய்யாத பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 68 சதவிகிதம் கூடியிருந்தது. செய்த பள்ளிகளில் 17 சதவிகிதம் குறைந்திருந்தது. பிரமாதமான தொழில்நுட்பம் எதுவும் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் அந்தத் திட்டமும் ஆறாம் வகுப்பில்தான் ஆரம்பித்தது. அங்கே வந்து சேருவதற்குள் நாலில் ஒரு பிள்ளை கைவைத்துவிட்டிருந்தது.

அஞ்சல் அட்டைகளைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் அனுப்பலாம். சர்வே எடுப்பவர்களும் ஒன்பது வயதுக் குழந்தையைக் கேட்க முடியாது என்று கைவிரிக்க வேண்டியதில்லை. கேள்வித்தாளைப் பெரியவர்களிடம் கொடுத்து ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் போதும்: கடைசியாக உங்களுக்குப் புகையிலை வாங்கக் கடைக்குப் போய் வந்தது யார், அவருக்கு வயது என்ன?