சோதனை நிற்பாட்டின வரலாறு

1988 இல் சோவியத் ஒன்றியத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வரலாற்றுச் சோதனை ரத்துச் செய்யப்பட்டது. வினாத்தாள் வெளியாகேல்லை. கோர்பச்சேவின் 'கிளாஸ்னோஸ்ட்' தொடங்கி, பத்திரிகைகள் ஸ்டாலின் காலத்தைப் பற்றி எழுத எழுத, பாடப்புத்தகத்தில் கிடந்த பொய்கள் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அதைப் பாடமாக்கி எழுது எண்டு எந்த முகத்தோடு சொல்லுறது? (சோதனை நிண்டால் எங்களுக்கும் சந்தோசம்தான், அது வேற கதை.)

'கோர்பச்சேவ் கதவைத் திறந்துதான் எல்லாத்தையும் கெடுத்தவர்' எண்டு எங்கட இடதுசாரி நண்பர்கள் சிலர் இப்பவும் சொல்லுகினம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. 1986 ஏப்ரல் 26 செர்னோபில் அணு உலை வெடித்தது. ஐந்து நாள் கழித்துக் கீவ் நகரில் மே தின ஊர்வலம் வழமைபோல நடந்தது; பிள்ளைகளும் நடந்தார்கள். அந்தச் சனத்தின் நம்பிக்கையைக் கெடுத்தது மறைப்பா, பிறகு வந்த பேச்சுச் சுதந்திரமா? கோர்பச்சேவும் அப்போது தொலைக்காட்சிக்கு வந்து பேச மே 14 வரை எடுத்தார் என்பதையும் மறக்கேலாது.

1989 மார்ச் தேர்தலில் லெனின்கிராட் பிராந்தியக் கட்சித் தலைவர் யூரி சொலோவியோவ் போட்டியே இல்லாமல் நின்று தோற்றார். வாக்காளர்கள் வாக்குச்சீட்டில் அவருடைய பெயரை வெட்டிவிட்டார்கள். தனியாக ஓடியும் தோற்ற மனிதர்! அந்தக் கோபம் மூன்று வருடத்தில் முளைச்சதா என்ன?

'சீனா தப்பினதுதானே' எண்டு கேட்பார்கள். தப்பினது. 1989 ஜூன் 4 பற்றி அங்கே இன்றுவரை பகிரங்கமாகக் கதைக்கேலாது. அந்த வழியையா நாங்கள் சிபாரிசு செய்யிறது?

கோர்பச்சேவில் எங்களுக்குள்ள குறை வேறு. பொருளாதாரச் சீர்திருத்தம் அரைகுறையாய்ப் போய்க் கடைத்தட்டுகள் வெறுமையானது ஒன்று. மற்றது, சனத்தைப் பேசவிட்டவர், தனக்கான ஆணையைச் சனத்திடம் கேட்கேல்லை. 1990 மார்ச்சில் அவரை ஜனாதிபதியாக்கியது மக்கள் பிரதிநிதிகள் பேராயம். அடுத்த வருடம் ஜூனில் யெல்ட்சின் நேரடித் தேர்தலில் வென்று ரஷ்யாவின் ஜனாதிபதியானார். அதன்பிறகு மொஸ்கோவில் இரண்டு ஜனாதிபதிகள். மக்கள் வாக்கு ஒருவரிடம் மட்டும்.

1991 ஓகஸ்டில் பழமைவாதிகளின் சதிப்புரட்சி மூன்றே நாளில் விழுந்தது. உடனேயே மொஸ்கோவில் கட்சித் தலைமையகத்துக்குச் சீல் வைத்தார்கள். கோடிக்கு மேல் அங்கத்தவர் இருந்த கட்சி அது. அதைக் காப்பாற்ற எந்தப் பெருங்கூட்டமும் வீதிக்கு வரேல்லை.