கால் செய்த குற்றமா?

கொழுந்து ஏற்றிய லோரி கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தின் சரிவொன்றில் நின்று, மீண்டும் கிளம்பும்போது உதறுகிறது. ஓட்டுநர் கிளட்ச் மிதியை மெல்ல விடவிட முன்கூண்டு தடதடவென்று ஆடுகிறது. சக்கரம் உருண்ட சில விநாடிகளில் ஆட்டம் அடங்கிவிடுகிறது. பட்டறையில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றுவதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்: ‘ஓட்டுகிறவனுக்குக் கால் சரியில்லை.’ கனரக வண்டி ஓடும் ஊர்களிலெல்லாம் காதில் விழும் தீர்ப்புதான் இது. சொல்பவருக்கு ஒரு காசும் செலவில்லை. கேட்பவருக்கோ பிழைப்பே போகக்கூடும். ஆராயாமல் வழங்கப்படும் இத்தீர்ப்பை இன்னும் எத்தனை காலம் வாய்மூடி ஏற்பது?

அம்மலையில் பெருந்தோட்டத் தேயிலை 1929-ஆம் ஆண்டில் வேரூன்றியது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பறித்த கொழுந்து காலம் தாழ்த்தினால் மூட்டைக்குள்ளேயே சூடேறிக் கெடும். அன்றே தொழிற்சாலைக்குச் சேர்ந்தாக வேண்டும். ஆகவே லோரி ஓரிடத்தில் ஏற்றி, அடுத்த நிறைக்கு நின்று, ஏற்றத்திலேயே மறுபடியும் கிளம்புகிறது. சமவெளியில் ஓடும் வண்டியின் கிளட்ச் அறியாத துன்பம் இது.

கிளம்பும் கணத்தில் நடப்பது என்ன? சுழலும் பிளைவீலுக்கும் நிற்கும் சக்கரங்களுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் சிறிது நேரம் வழுக்கி, பின்னர் இறுகப் பற்றுகிறது. அவ்வழுக்கல் சீராக இருந்தால் வண்டி நழுவுவதுபோல் நகரும். பற்றுவதும் விடுவதுமாக ஒரே விநாடியில் பலமுறை மாறினால், அதுவே உதறல். பிளேட்டின்மேல் எண்ணெய் கசிந்திருக்கலாம். அவ்வெண்ணெய் என்ஜினின் பின்புற ஆயில் சீல் வழியாகவோ கியர்பாக்ஸின் முன்புற சீல் வழியாகவோ வந்திருக்கும். பிளைவீலின் முகம் சூட்டினால் திட்டுத்திட்டாக நீலம் பாரித்திருக்கலாம். பிரஷர் பிளேட் கோணியிருக்கலாம். என்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் பிய்ந்திருந்தால், கிளட்ச் நன்றாக இருந்தாலும் வண்டி ஆடும்.

இத்தனையில் எது என்று கண்டறிய மந்திரம் வேண்டியதில்லை. எப்போது உதறுகிறது என்று கேட்டாலே பாதி வழி கடந்ததாகும். மிதியைப் பாதி விட்ட நிலையில் மட்டும் உதறி, முழுதும் விட்டதும் அடங்கினால் முதலில் கிளட்சைப் பார்க்க வேண்டும். முழுதும் விட்ட பிறகும் மெதுவோட்டத்தில் தொடர்ந்தால் புரோப்பெல்லர் ஷாப்ட்டையும் அதன் மூட்டுகளையும் நோக்க வேண்டும். கூடுதல் பாரம் சுமப்பதற்கென்று பின்புறம் ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்து வண்டியை உயர்த்தினால், அம்மூட்டுகளின் கோணம் மாறிப் புதிய உதறல் பிறக்கும். (பட்டை சேர்க்கச் சொன்னவரின் காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.) இரவெல்லாம் மலைப்பனியில் நின்ற வண்டி, விடியலில் முதல் சில கிளம்பல்களில் மட்டும் ஆடினால், பிளைவீலில் படிந்த மெல்லிய துருவே காரணமாகலாம், அது தானே தேய்ந்துவிடும்.

ஓட்டுநர் குற்றமற்றவர் என்பது வாதமன்று. இரண்டாம் கியரில் பாரத்தைக் கிளப்புபவரும், மேட்டில் பாதிக் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துபவரும் பிளேட்டைச் சுட்டுத்தான் விடுகிறார்கள். ஆயினும் அவர் ஏன் அப்படித் தாங்குகிறார்? ஹேண்ட்பிரேக் பிடிக்காத லோரியைச் சரிவில் வேறு எப்படி நிறுத்துவது? காலின் குற்றத்தைத் தோண்டினால், பல வேளைகளில் பழுது பார்க்கப்படாத பிரேக் வெளிப்படும்.

மூலத்தைத் தேடாமல் புதுப் பிளேட் மாட்டுவது அடுத்த மூடத்தனம். கசியும் சீல் அப்படியே இருக்க, புதுப் பிளேட்டும் எண்ணெயில் நனையும், உதறல் திரும்பும், பழி மறுபடியும் காலின்மேல் விழும். சீலின் விலை பிளேட்டின் விலையில் ஒரு சிறு பங்கே.

இதில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நோய் எது, அதன் மூலம் எது, தணிக்கும் வழி எது என்று முறைப்படுத்தும் குறள் ‘மருந்து’ அதிகாரத்தில் உள்ளது. வகுப்பறை அதை மனப்பாடம் செய்விக்கிறது, மதிப்பெண்ணும் வழங்குகிறது. ஆனால் கண்ணெதிரே நிகழும் ஒன்றை, எப்போது, எந்நிலையில், எவ்வளவு என்று பிசகாமல் எழுதும் பயிற்சியை அது தருகிறதா? நிலவொளியில் உலாப் போன கட்டுரைகளுக்குக் குறைவில்லை. தந்தை ஓட்டும் வண்டியின் பழுதை விவரிக்கும் கட்டுரை எத்தனை ஏடுகளில் இருக்கிறது? ‘லோரி உதறுகிறது’ என்று மட்டும் முறையிடும் ஓட்டுநரிடம் பட்டறைக்காரர் அவருடைய காலையே சுட்டிக்காட்டுவார். ‘மிதியைப் பாதி விட்ட நிலையில் மட்டும் உதறுகிறது; விடியலில் இல்லை, பத்து முறை நின்று கிளம்பிய பின்பே வருகிறது; காலி வண்டியிலும் உண்டு’ என்று எழுதித் தருபவரிடம், அவர் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.