ராணி மங்கம்மாள் கண்ட கலியாணங்கள்

திண்டுக்கல்லில் இருந்து பழனி மலை ஏறும் அரசு பஸ்களில் ஒரு காலத்தில் "ராணி மங்கம்மாள்" என்று எழுதியிருக்கும். அது போக்குவரத்துக் கழகத்தின் பெயர். 1997-ம் ஆண்டில் இப்படிப்பட்ட பெயர்களை எல்லாம் பஸ்களில் இருந்து எடுத்தார்கள். அந்தப் பெயரும் போய்விட்டது.

பண்ணைக்காட்டில் பஸ்சுக்குக் காத்திருந்த பெரியவர்களுக்கு அந்த எழுத்துக்கள் நினைவு இருக்கும்.

யார் இந்த ராணி? சாலை போட்டவள், சத்திரம் கட்டியவள் என்று சொல்வார்கள். அது சரி. ஆனால், அவளைச் சுற்றி நடந்த கலியாணக் கதைகள் பலருக்குத் தெரியாது. அவை தெரிந்துகொள்ள வேண்டிய கதைகள். அதே கதை சின்ன அளவில் இன்றைக்கும் பல வீடுகளில் நடக்கிறது!

தளபதியின் மகள்

300 ஆண்டுகளுக்கு முன்பு பழனி மலையும், அதன் அடிவாரத்தில் இருந்த கன்னிவாடி, விருப்பாட்சி முதலிய பாளையங்களும் மதுரை நாயக்கர் ஆட்சியில் இருந்தன. 1659-ல் பட்டத்துக்கு வந்தவர் சொக்கநாத நாயக்கர். அவரிடம் தளபதியாக இருந்தவர் லிங்கம நாயக்கர். லிங்கம நாயக்கரின் மகள்தான் மங்கம்மாள்.

மங்கம்மாளைச் சொக்கநாதர் மணந்தார். ஆனால், பட்டத்து ராணி ஆக்கவில்லை.

ஏன்?

அவருக்கு வேறு ஒரு பெண் மீது கண். அந்தப் பெண் தஞ்சாவூர் மன்னர் விஜயராகவ நாயக்கரின் மகள். தளபதியின் மகளைக் கட்டினால் மனைவி கிடைப்பாள். மன்னரின் மகளைக் கட்டினால் காவேரிக் கரை நெல் வயலும் அல்லவா கைக்கு எட்டும்!

மங்கம்மாள் அந்த அரண்மனையிலேயே இருந்தாள். கணவர் இன்னொரு பெண்ணைக் கேட்டு ஆள் அனுப்பியதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளை யார் கேட்டார்கள்?

ஒரு "முடியாது" வந்தது

தஞ்சாவூர் மன்னர் பெண் கொடுக்க மறுத்துவிட்டார். முன்பு மதுரைக்குக் கொடுத்த ஒரு தஞ்சாவூர்ப் பெண்ணைத் திருமலை நாயக்கர் கொன்றுவிட்டார் என்று ஒரு பழைய மனத்தாங்கல் இருந்ததாகச் சொல்வார்கள். அது உண்மையாக இருந்தால், மறுத்த தகப்பனைக் குறை சொல்ல முடியாது.

சொக்கநாதருக்குக் கோபம் வந்தது. 1673-ல் மதுரைப் படை தஞ்சாவூர்க் கோட்டையை உடைத்தது. விஜயராகவர் முதியவர். ஆனாலும் வாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிளம்பும் முன், அந்தப்புரத்தைச் சுற்றி வெடிமருந்தை வைக்கச் சொன்னார். பெண்கள் பகைவர் கையில் சிக்கக்கூடாதாம்! மருந்து வெடித்தது. உள்ளே இருந்த பெண்கள் மாண்டார்கள். மன்னரும் மகனும் போர்க்களத்தில் விழுந்தார்கள்.

பெண் கேட்ட வீடு சாம்பல் ஆயிற்று.

போரில் ஜெயித்தவருக்காவது லாபம் உண்டா? அதுவும் இல்லை. தஞ்சாவூரை ஆளச் சொல்லி, தம்பி முறையான அளகிரி நாயக்கரைச் சொக்கநாதர் அனுப்பினார். அளகிரியோ தானே ராஜா என்று கிளம்பிவிட்டார். சில ஆண்டுகளில் மராட்டியர் ஏகோஜி வந்து தஞ்சாவூரைப் பிடித்துக்கொண்டார். மதுரைக்கு வயலும் இல்லை, பெண்ணும் இல்லை.

சரித்திர நூல்களில் சொக்கநாதர் பெயர் இருக்கிறது. அளகிரி பெயர் இருக்கிறது. யாருக்காக இத்தனையும் நடந்ததோ, அவள் மட்டும் "விஜயராகவரின் மகள்" என்றே நிற்கிறாள்.

தஞ்சாவூர்ப் பெண் கிடைக்காமல் போன பிறகுதான் மங்கம்மாள் பட்டத்து ராணி ஆனாள். இரண்டாவது இடத்தில் வைக்கப்பட்டவள்தான் பிறகு அந்த ராஜ்யத்தைத் தாங்க வேண்டி வந்தது.

பிரான்சிலும் ஒரு ராணி

இது நம் நாட்டுக் கதை மட்டும் அல்ல. மங்கம்மாளுக்கு 500 ஆண்டுகளுக்கு முன்பு, பிரான்சு நாட்டின் தென்மேற்கே எலியனோர் என்று ஒரு சீமாட்டி இருந்தாள். தகப்பன் இறந்ததும் பெரிய சீமை ஒன்று அவளுக்கு வந்தது. உடனே கலியாணம்! 1137-ல் பிரான்சு இளவரசர் லூயிக்குக் கட்டி வைத்தார்கள். சீக்கிரமே லூயி ராஜா ஆனார். பிறந்தவை இரண்டும் பெண் குழந்தைகள்.

1152-ல், "நீங்கள் இருவரும் நெருங்கிய உறவு, இந்தக் கலியாணம் செல்லாது" என்று சொல்லிப் பிரித்தார்கள். 15 ஆண்டு குடும்பம் நடத்திய பிறகுதான் உறவு முறை தெரிந்ததாம்!

இரண்டே மாதத்தில் எலியனோர் ஹென்றி என்பவரை மணந்தாள். அவர் 1154-ல் இங்கிலாந்து மன்னர் ஆனார். அவளோடு அவள் சீமையும் போயிற்று. மகன்கள் தகப்பனை எதிர்த்தபோது அவள் மகன்கள் பக்கம் நின்றாள். அதற்காகக் கணவர் அவளைக் காவலில் வைத்தார். அவர் 1189-ல் இறந்த பிறகுதான் விடுதலை. அப்போது அவளுக்கு வயது 65-க்கு மேல். அந்த வயதில், மகன் ரிச்சர்டு போருக்குப் போயிருந்தபோது நாட்டைப் பார்த்துக்கொண்டாள். அவன் அயல்நாட்டில் சிறைப்பட்டபோது பணம் திரட்டி மீட்டாள்.

சீமையும் வேறு, பாஷையும் வேறு. ஆனால், பெண்ணைக் கொடுப்பது நிலத்துக்காக என்ற கணக்கு ஒன்றேதான்.

மருமகளின் கதை

மங்கம்மாளிடம் திரும்புவோம். 1682-ல் சொக்கநாதர் இறந்தார். அப்போது ராஜ்யத்தில் பெரும்பகுதி கைவிட்டுப் போயிருந்தது. மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் சிறுவன். மங்கம்மாள் உடன்கட்டை ஏறவில்லை. மகனுக்குத் துணையாக இருந்தாள்.

மகன் கெட்டிக்காரன். அவனுக்கு மனைவி ஒருத்திதான், பெயர் முத்தம்மாள். அந்தக் காலத்து ராஜாவுக்கு இது அதிசயம்! ஆனால், 1689-ல் பெரியம்மை வந்து அவன் இறந்தான். முத்தம்மாள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. தானும் தீயில் விழுவேன் என்றாள். "வயிற்றில் இருக்கும் குழந்தை என்ன பாவம் செய்தது?" என்று மாமியார் தடுத்தாள். ஆண் குழந்தை பிறந்தது. பிரசவித்த உடம்போடு முத்தம்மாள் குளிர்ந்த பன்னீரை நிறையக் குடித்து, ஜன்னி கண்டு இறந்தாள் என்று சொல்வார்கள்.

இதைக் கற்பு என்று புகழ்ந்து எழுதியவர்கள் உண்டு. தாயில்லாமல் அழுத அந்தப் பச்சைக் குழந்தையை எண்ணிப் பார்த்தால் புகழ வாய் வராது. அதைத் தூக்கி வளர்த்தவள் பாட்டிதான். குழந்தைக்குப் பட்டம் கட்டி, அதன் பெயரால் 1706 வரை ராஜ்யத்தை ஆண்டாள்.

டில்லி மொகலாயப் படை செஞ்சிக் கோட்டையை முற்றுகை போட்டு நின்ற காலம் அது. மங்கம்மாள் படை திரட்டவில்லை. கப்பமும் பரிசுகளும் அனுப்பினாள். கோழைத்தனம் என்பார்கள் சிலர். வெடிமருந்தை வைத்து வீட்டுப் பெண்களைக் கொல்வது வீரம், பணம் கொடுத்து ஊரைக் காப்பது கோழைத்தனமா? அவள் சண்டையே போடாதவள் அல்ல. திருவாங்கூரோடு போர் செய்தாள். 1702-ல் ராமநாதபுரத்தோடு மோதித் தோற்றாள். தளவாய் நரசப்பய்யாவையும் அந்தப் போரில் இழந்தாள்.

சாலைகள் போட்டதற்கு ஒரு கதை கட்டிவிட்டார்கள். மறந்துபோய் இடது கையால் வெற்றிலை போட்டாளாம். அந்தப் பாவம் தீரச் சாலை போட்டாளாம்! வண்டி போக வழி வேண்டும், நடப்பவனுக்கு நிழல் வேண்டும் என்று நினைக்க ஒரு பாவம் செய்திருக்க வேண்டுமா? ஆண் ராஜா சாலை போட்டால் அறிவு. பெண் போட்டால் பரிகாரம்.

இன்றைய வீடுகளில்

இன்று ராஜாவும் இல்லை, அந்தப்புரமும் இல்லை. ஆனால், "தோட்டத்தோடு தோட்டம் சேரட்டும்", "சொத்து வெளியே போகக் கூடாது" என்ற பேச்சு போய்விட்டதா? காபியும் மலை வாழையும் விளையும் மலை ஊர்களிலும் கேட்கிறது, கீழே நெல் விளையும் ஊர்களிலும் கேட்கிறது. பேச்சு வார்த்தை திண்ணையில் நடக்கும். பெண் அடுப்படியில் இருப்பாள். தட்டு மாற்றிய பிறகு, "உனக்குச் சம்மதம்தானே?" என்பார்கள். அது கேள்வி அல்ல.

18 வயது நிறையாத பெண்ணுக்குக் கலியாணம் செய்தால் சட்டப்படி குற்றம். தகப்பன் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கலியாணம் ஆன பெண்களுக்கும் சேர்த்து 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆகவே நிலம் இப்போது பெண்ணுடையதும்தான். அதன் பட்டா எங்கே இருக்கிறது, வரவு என்ன, கடன் என்ன என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? பல வீடுகளில் கணவன் கண்ணை மூடிய பிறகுதான் அந்தப் பெட்டியை அவள் முதன்முதலாகத் திறக்கிறாள். அழுதுகொண்டே கணக்குப் படிக்க வேண்டியிருக்கிறது. கலியாணத்துக்கு முன்பே பெட்டியைத் திறந்து காட்டினால் என்ன? பேச்சு நடக்கும்போதே பெண்ணைத் திண்ணைக்கு அழைத்து உட்கார வைத்தால் என்ன? சம்பந்தம் முறிந்துவிடும் என்றால், முறிய வேண்டிய சம்பந்தம்தான் அது.

மங்கம்மாளின் முடிவு சோகமானது. பேரன் விஜயரங்க சொக்கநாதன் வளர்ந்ததும், அவளைச் சிறையில் வைத்தார்கள் என்றும், கண்ணுக்கு எதிரே சோற்றை வைத்துக் கைக்கு எட்டாமல் செய்தார்கள் என்றும் மதுரைப் பக்கம் கதை வழங்குகிறது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவள் பெயரால் சத்திரம் இருக்கிறது.

பேரன் 1732 வரை ஆண்டான். பிள்ளை இல்லாமல் இறந்தான். ராஜ்யம் மறுபடியும் ஒரு விதவையின் கைக்கு வந்தது. அவள் பெயர் மீனாட்சி.