அணிலும் ஆமையும் போதுமே!



எங்கள் காரைக்கால் பக்கத்தில் ஊர் விழாவோ தூய்மைப் பிரசாரமோ, எதற்குப் பதாகை வைத்தாலும் பனிக்கரடியும் பென்குயினும் சிரித்துக்கொண்டு நிற்கின்றன. கடற்கரைப் பிள்ளைகளுக்கு இவற்றோடு என்ன உறவு?

2022இல் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாடின் சின்னத்தை நினைத்துப் பாருங்கள். பலகையிலிருக்கும் குதிரைக்கு வேட்டி சட்டை உடுத்தி, கைகூப்ப வைத்து, 'தம்பி' என்று பெயரிட்டார்கள். பார்த்தவுடனே நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது.

நம்மிடமும் இப்படிச் சின்னங்களுக்குப் பஞ்சமில்லை. புதுச்சேரியின் மாநில விலங்கு அணில், பறவை குயில். நம் கரையோரங்களில் முட்டையிட ஏறிவரும் பங்குனி ஆமையையும் சேர்த்துக்கொள்ளலாம். மாங்கனித் திருவிழாவுக்கு மாம்பழத்தைக் கட்டிக்கொண்ட அணில், கடற்கரைத் தூய்மைக்கு ஆமை, இசை நிகழ்ச்சிக்குக் குயில் என்று ஒரே கையால் வரைந்த குடும்பமாக அவை இருக்க வேண்டும். ஒற்றை வண்ணத்தில், துணிப்பையில் சிறிதாக அச்சிட்டாலும் அடையாளம் தெரிய வேண்டும். இதில்தான் பல சின்னங்கள் தோற்கின்றன.

அடுத்த விழாவுக்கு முன் காரைக்கால் பள்ளிப் பிள்ளைகளிடம் ஓவியப் போட்டி வைத்து இவற்றை வரைய வையுங்கள் என்று விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வரிச்சிக்குடி, காரைக்கால்.