மஞ்சட்காமாலையும் மந்திரிப்புப் புரட்டும்

மஞ்சட்காமாலை கண்டால் நம் மக்கள் முதலில் தேடிப் போவது வைத்தியனையல்ல. மந்திரிக்கிறவனையும், கையில் சூடு போடுகிறவனையும், வேர் கட்டுகிறவனையுமேயாகும். எழுத்து வாசனையில்லாதவர்கள்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய். பட்டம் பெற்ற கனவான்களும், ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அந்தத் திண்ணையில் காத்திருக்கிறார்கள். "என் மைத்துனனுக்கு மூன்றே மந்திரிப்பில் இறங்கிவிட்டது" என்பதுதான் இவர்கள் காட்டும் அத்தாட்சி. அந்த அத்தாட்சியின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம்.

முதலாவது, காமாலை என்பது ஒரு நோயின் பெயரே அல்ல. ஈரல் கெட்டதற்கு ஓர் அடையாளம். பித்தத்தின் நிறப்பொருள் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கி, கண்ணிலும் தோலிலும் மஞ்சளாய்த் தெரிகிறது. (காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பதும் வெறும் பழமொழிதான், மஞ்சளாயிருப்பது அவன் கண், அவன் பார்க்கும் பொருளல்ல.) ஈரலைக் கெடுப்பவை பல. சாராயமும் கெடுக்கும். வைரஸ் என்னும் நுண்கிருமிகளில் முக்கியமாக ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து இனங்கள் கெடுக்கின்றன. ஏ-யும் இ-யும் மலம் கலந்த தண்ணீர், உணவு வழியாக வாய்க்குள் போகின்றன. பி-யும் சி-யும் ரத்தத்தின் வழியாகப் பரவுகின்றன. பி உடலுறவாலும், பெறும்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றும். டி என்பது பி உள்ளவர்களிடம் மட்டுமே குடியேறும்.

இவற்றில் ஏ-யும் இ-யும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்து விடுகின்றன. மந்திரவாதியின் பிழைப்பு முழுவதும் இந்த ஒரே உண்மையின் மேல்தான் நடக்கிறது. விடியப்போகும் நேரத்தில் கூவிவிட்டு, விடிந்ததற்குக் கூலி கேட்கும் சேவலுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

சில இடங்களில் நோயாளியின் கையில் மரப்பட்டைச் சாற்றைத் தடவி, சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சளாய் வடிவதைக் காட்டிக் "காமாலை இறங்குகிறது பார்" என்கிறார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆலாத்தி கரைக்கிற பெண்களுக்கெல்லாம் தெரியும். அதைக் கண்டு ரத்தம் என்று யாரும் அலறுவதில்லை. பட்டைச் சாறு சுண்ணாம்பில் நிறம் மாறினால் மட்டும் அது ஈரலிலிருந்து வந்ததாகிவிடுமா? நோயில்லாதவன் ஒருவன் கையை நீட்டிப் பார்க்கட்டும், அவனுக்கும் வடியும்!

இனி, "எல்லாம் பூர்வ ஜன்ம வினை" என்பார்க்கு ஒரு வார்த்தை. 1955-ம் வருஷக் கடைசியில் டெல்லியில் யமுனை போக்கு மாறி, நஜப்கர் சாக்கடைத் தண்ணீர் வசீராபாத் குடிநீர் நிலையத்துக்குள் புகுந்தது. அதிகாரிகள் குளோரின் மருந்தை அதிகமாய்க் கலந்தார்கள். அதனால் டைபாயிடு கிளம்பவில்லை. ஆனால் இந்த வைரஸ் சாகவில்லை. சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அந்நோய் ஏ அல்ல, பின்னால் இ என்று பேரிடப்பட்டது என்பது வெகு காலத்துக்குப் பிறகே விளங்கிற்று. இத்தனை ஆயிரம் பேருடைய பூர்வ ஜன்ம வினையும் ஒரே சாக்கடை வழியாகவா வந்து சேர்ந்தது? மனிதன் தொட்ட தண்ணீரைத் தீட்டு என்று கொட்டுகிற தேசத்தில், மலம் கலந்த தண்ணீருக்கு மாத்திரம் தீட்டில்லை!

இந்த இ, நிறைகர்ப்பிணிகளுக்கு எமன். சில பரவல்களில் கடைசி மாதங்களிலிருந்த பெண்களில் ஐந்திலொருவர்வரை மாண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் வேப்பிலையடிக்க உட்கார்த்துவதைக் கொலை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

நிற்க. "கீழாநெல்லியைக் குறை சொல்வீர்களா?" என்று சிலர் கேட்கலாம். 1988-ல் சென்னை ஆராய்ச்சிக்காரர்கள், பி வைரஸைக் கண்டதற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளும்பர்க்குடன் சேர்ந்து, கீழாநெல்லி கொடுத்தவர்களில் 100-க்கு 59 பேர் ரத்தத்தில் பி-யின் அடையாளம் மறைந்ததாக 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார்கள். பிறகு மற்றவர்கள் சோதித்ததில் அந்தப் பலன் ஊர்ஜிதமாகவில்லை. பச்சிலை என்பதற்காக நாம் தள்ளவுமில்லை. சீமைப் பத்திரிகையில் வந்தது என்பதற்காகக் கொள்ளவுமில்லை. திரும்பச் சோதித்தால் நிற்கிறதா என்பதே கேள்வி. மந்திரம் அந்தச் சோதனைக்கு என்றாவது வந்ததுண்டா?

மந்திரத்தை விட்டவர்கள் ஊசியைத் தெய்வமாக்கிக் கொண்டதும் ஒரு மூடத்தனமே. தலைவலிக்கும் "ஒரு ஊசி போடுங்கள்" என்று கேட்பது. போலி டாக்டர் முன்னவனுக்குக் குத்தியதையே குத்துவது. 2009-ல் குஜராத் மொடாசாவில் இப்படித்தான் பி பரவிப் பல உயிர்கள் போயின. பி-யும் சி-யும் பலருக்கு மஞ்சளே காட்டாமல் வருஷக் கணக்கில் ஈரலைத் தின்னும். கடைசியில் புற்றுநோயிலும் முடியும். மஞ்சளே தெரியாத நோயை எதைக் காட்டி இறக்குவான் மந்திரவாதி? ரத்தப் பரிசோதனை ஒன்றே அதைக் காட்டும். சி-க்குப் பன்னிரண்டு வார மாத்திரையில் அநேகமாய் எல்லோரும் குணமாகிறார்கள். பி-யை அடக்கி வைக்கவும் மருந்துண்டு. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

பி உள்ளவனோடு ஒரே பந்தியில் சாப்பிட்டாலும், கை குலுக்கினாலும் அது ஒட்டாது. அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பது பழைய தீட்டுப் புத்திக்குப் புதிய பேர் கொடுப்பதேயாகும்.

பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. அது டி-யையும் சேர்த்துத் தடுக்கும். முதல் ஊசியைப் பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ராகுகாலம் போகட்டும், அஷ்டமி கழியட்டும் என்று சொல்லும் பாட்டிமார்களைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரி நர்ஸிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.