கடலைக் காட்ட லீவு கேட்டால் குற்றமா?

"சம்பளம் போதாது என்று கொடி பிடிக்கிறார்கள். ஆகஸ்ட் வந்தால் பஸ் பிடித்து நயினாதீவுக்குப் போகிறார்கள்."

இந்தப் பேச்சைக் கேட்காத தோட்டம் கிடையாது. துரை பங்களாவில் மட்டும் பேசப்படுவதல்ல இது. டவுனில் நமக்கே கடனுக்குச் சாமான் கொடுக்கும் முதலாளி சொல்கிறார். லயத்தில் பிறந்து, படித்து, கொழும்பில் மாதச் சம்பளம் வாங்கும் நம் பிள்ளைகளில் சிலரும் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். பாடசாலை விடுமுறை நெருங்குகிறது. பல டிவிசன்களில் பஸ்ஸுக்குச் சீட்டுப் பிடித்தாகிவிட்டது. அதனால் இந்தப் பேச்சுக்கு இந்த இதழிலேயே பதில் சொல்லிவிடுகிறோம்.

முதலில் கணக்கு. 2024 ஏப்ரல் கடைசியில் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் செப்டம்பரில் நமக்குக் கிடைத்தது 1,350 ரூபாய். அந்தச் சம்பளக் கணக்கில், புருஷனும் பெண்சாதியும் மூன்று நாள் பெரட்டுக்குப் போகாவிட்டால் 8,100 ரூபாய் போய்விட்டது. பஸ் கூலி, படகுக் காசு, சாப்பாடு எல்லாம் இதற்கு மேலே. ஆக, பிள்ளைக்குக் கடலைக் காட்ட நினைக்கும் ஒரு தோட்டக் குடும்பம், வீட்டுப் படியிறங்கும் முன்பே இருவரின் மூன்று நாள் சம்பளத்தைக் கட்டியாக வேண்டும். இதற்குக் கடல் வரி என்றே நாம் பெயர் வைக்கலாம். இந்த நாட்டில் வேறு எந்தத் தொழிலாளிக்கு இந்த வரி இருக்கிறது?

கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்பவருக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு வருடாந்த லீவு கொடுக்கிறது. அரசாங்க உத்தியோகத்தருக்கு லீவோடு புகையிரத வாரண்டும் உண்டு. இதை எழுதும் எங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு அந்த வாரண்ட் கிடைக்கிறது. குடும்பத்தோடு கோச்சியில் யாழ்ப்பாணம் போய் வரலாம். எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளின் தாய்மாருக்கு அது இல்லை. அதே மலை, அதே ஸ்டேசன், அதே கோச்சி. நாங்கள் அரசாங்கத்திடம் சம்பளம் வாங்குகிறோம், அவர்கள் கம்பனியிடம் வாங்குகிறார்கள். இருப்பது அந்த ஒரு வித்தியாசம்தான். ஏற்றுமதி வருமானம் என்று நாடு பேசும்போது மட்டும் தேயிலை முதல் வரிசைக்கு வந்துவிடுகிறது.

லீவு இல்லாமல் இல்லை, வேலை நாளுக்கு ஏற்பக் கணக்கில் இருக்கிறதே என்று நிர்வாகம் சொல்லும். கணக்கில் இருக்கிறதுதான். ஆனால் அந்த லீவை மூன்று நாள் சேர்ந்தாற்போல, பிள்ளைக்குப் பாடசாலை இல்லாத வாரத்தில் கேட்டுப் பாருங்கள். "கொழுந்து முற்றிவிடும், எல்லோரும் போனால் யார் எடுப்பது" என்ற பதில் வரும். எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் போன வருடம் லீவு கேட்ட பெண்களிடம், "கோவிலுக்கா, கூத்துக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். கோவில் என்றால் மன்னிக்கலாமாம். பிள்ளையோடு விளையாடப் போவது கூத்தாம்.

நாம் ஏன் தீவகத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று மற்ற மாவட்டத் தோழர்கள் கேட்கலாம். நம் ஆட்கள் அங்கேதான் போகிறார்கள் என்பது ஒரு காரணம். ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மன் திருவிழா, அதைவிட்டால் ஆகஸ்ட் விடுமுறை. மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் மழை விடாமல் பெய்து, லயத்து வாசல் சேறாகி, பிள்ளைகள் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் முடங்கிக் கிடக்கும் மாதங்கள் அவை. அதே மாதங்களில் வடக்கே மழை இல்லை. நல்ல வெயில். சோளகக் காற்று மட்டும் பலமாக அடிக்கும். மழையிலிருந்து பிள்ளையை நாலு நாள் வெயிலுக்குக் கொண்டுபோக நினைக்கும் தாய்க்கு இதைவிட நல்ல இடம் இந்தத் தீவிலேயே கிடையாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் குடும்பங்களின் நினைவில் கடல் என்றால் என்ன? கூலிக்கு ஆள் பிடித்து வந்த காலத்தில் நம் பூட்டன் பூட்டி கடலைத் தாண்டினார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் ஒழுங்காக எண்ணி வைக்கவில்லை. பிறகு 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தார்கள். ஹட்டன் ஸ்டேசனில் கட்டிப்பிடித்து அழுதவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். வந்தபோது ஒரு தடவை, துரத்தப்பட்டபோது ஒரு தடவை என்று இரண்டே தடவைதான் அந்தத் தலைமுறை கடலைக் கண்டது. மூன்றாவது தடவையாக, துன்பமில்லாமல், கையில் ஒரு மாங்காய்த் துண்டோடு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அதே கடலின் முன்னால் போய் நிற்பதைத்தான் வீண்செலவு என்கிறார்கள்.

நாங்கள் வகுப்பில் வருடாவருடம் 'கடற்கரையில் ஒரு நாள்' என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். பிள்ளைகள் எழுதுகிறார்கள். வெள்ளி அலைகள், பொன் மணல், சிப்பி பொறுக்கினோம், சூரியன் மறைந்தது. முப்பது கொப்பியிலும் ஒரே கட்டுரை. கடலைப் பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர். கொழும்பில் இருக்கும் பிள்ளை தான் கண்டதை எழுதுகிறது, நம் பிள்ளை பாடமாக்கியதை எழுதுகிறது. இருவருக்கும் ஒரே புள்ளித் திட்டம். பிறகு தோட்டத்துப் பிள்ளைக்குக் கற்பனை வளம் குறைவு என்று கருத்தரங்கில் பேசுவார்கள்.

போன ஆகஸ்டில் எங்கள் டிவிசன் பிள்ளைகளோடு நெடுந்தீவுக்குப் போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, அங்கிருந்து கடலுக்கு நடுவே போட்ட ரோட்டில் புங்குடுதீவு, அதன் முனையில் குறிகட்டுவான் துறை. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் பஸ். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துப் பழகிய பிள்ளைகள் நேரான ரோட்டைக் கண்டு ஆளுக்கொரு ஜன்னலில் தொங்கினார்கள். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு கால் மணி நேரம் அளவில். நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். நெடுந்தீவில் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், ஒல்லாந்தர் காலத்துக் கோட்டைச் சுவர்கள், போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்டதன் வழிவந்த குதிரைகள் வெட்டவெளியில் மேய்கின்றன. கடிவாளமில்லாத குதிரையைப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். நுவரெலியாவில் காசு கொடுத்து ஏறும் குதிரைதான் அவர்களுக்குத் தெரியும், அதுவும் தூரத்தில் நின்று பார்த்ததுதான். பெருக்கமரம் என்ற ஒரு மரம், அதன் அடி பொந்து விழுந்து கிடக்கிறது. ஏழெட்டுப் பிள்ளைகள் உள்ளே புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தார்கள்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "டீச்சர், இங்க மேல்கணக்கு எது, கீழ்க்கணக்கு எது?"

மலையே இல்லாத இடம் இருக்கலாம், மேலே ஒரு பங்களாவும் கீழே ஒரு லயமும் இல்லாமல் ஊர் இருக்கலாம் என்பதை அந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடப்புத்தகம் சொல்லிக் கொடுக்கும்? அந்த ஒரு கேள்விக்காகவே 8,100 ரூபாய் செலவழிக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. ஆனால் அதை அந்தத் தாய் தன் மடியிலிருந்து எடுத்துச் செலவழிக்கக் கூடாது என்பதுதான் நமது சண்டை.

நெடுந்தீவு ஆட்கள் பணக்காரர்கள் அல்ல. நல்ல தண்ணீருக்கு அவர்கள் படும் பாடு நாம் நினைத்துப் பார்க்க முடியாதது. அவர்கள் கிணற்றில் கால் கழுவாதீர்கள், பிளாஸ்டிக் போத்தலை அங்கே போட்டுவிட்டு வராதீர்கள். 1985 மே 15இல் குமுதினிப் படகில் பிள்ளைகள் உட்பட ஏராளமானோரை வெட்டிக் கொன்றது இந்தக் கடலில்தான். நாம் சிரித்துக்கொண்டு போய் வரும் பாதை அவர்களுக்கு அப்படியும் ஒரு பாதை. பெரியவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஊர்காவற்துறையில் நின்றால் கடலுக்கு நடுவே ஒரு கோட்டை தெரியும். 1971 கிளர்ச்சிக்காரர்களை அடைத்து வைத்த சிறை அது. இப்போது கடற்படை நடத்தும் உல்லாச விடுதி. உல்லாசம் தேவை என்று யாருக்காவது தோன்றினால் சிறைக்குள்ளும் மெத்தை போட முடிகிறது. நமக்கென்றால் மட்டும் மூன்று நாள் லீவுக்கு வழியில்லை.

நம் மலையே மற்றவர்களுக்கு உல்லாசம்தானே? ஏப்ரலில் நாடே நுவரெலியாவுக்குத் திரண்டு வருகிறது. வெள்ளைக்காரத் துரைமார் இருந்த பங்களாக்கள் விடுதிகளாகிவிட்டன. கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணை நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். அவர்கள் வரட்டும், நமக்கு ஆட்சேபமில்லை. நாகவிகாரைக்குப் போகச் சிங்களக் கிராமங்களிலிருந்து பிள்ளை குட்டியோடு பஸ் பஸ்ஸாக அதே குறிகட்டுவானுக்கு வருகிறார்கள். ஏழை விவசாயிகள்தான் பெரும்பாலும். அதை யாரும் வீண்செலவு என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. வரிசையில் நம் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் பிஸ்கட் மாற்றிக்கொண்டார்கள். ஏச்சு மட்டும் நமக்கு.

உலகத்தில் இந்தச் சண்டை புதிதல்ல. 1936இல் பிரான்ஸ் தொழிலாளர்கள் தொழிற்சாலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து, சம்பளத்தோடு இரண்டு வாரம் லீவு என்ற சட்டத்தை வாங்கினார்கள். அந்த ஆகஸ்டில் அரசாங்கம் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கோச்சிக் கட்டணத்தில் நூற்றுக்கு 40 கழிவு கொடுத்தது. பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தன. அன்றைக்கும் முதலாளிமார், கடற்கரையெல்லாம் கூலிக்காரக் கூட்டமாகிவிட்டதே என்று முகம் சுளித்தார்கள். அக்கரையில் இந்தியா 1951இல் இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டம், வேலை செய்த 20 நாளுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்று எழுதியது. சிறுவருக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று சொல்லும் ஐ.நா. சமவாயத்தின் 31ஆம் உறுப்புரைக்கு இலங்கை 1991இலேயே சம்மதம் தெரிவித்துவிட்டது. பிள்ளைக்காம்பரா என்ற பெயரைக்கூட 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று மாற்றிப் பலகை போட்டார்கள். பலகைக்கு வெளியே அந்தப் பிள்ளை எங்கே போய் வந்தது என்று கேட்பாரில்லை.

நம் பக்கத்தையும் பேசத்தான் வேண்டும். சில தோட்டங்களில் டூர் என்றால் ஆம்பிளைகளின் டூர்தான். முன் சீட்டில் போத்தல், பின் சீட்டில் பிள்ளை. விடிய இரண்டு மணிக்கு எழும்பிச் சோறு கட்டுவது பெண்கள், துறையில் இறங்கியதும் அடுப்பு மூட்டுவதும் அவர்களே. ஒரே நாளில் நல்லூர், கீரிமலை, நயினாதீவு, கசூரினா என்று ஓட்டமாக ஓடி, பிள்ளை கண்டது பஸ் சீட்டை மட்டும்தான். இந்த டூருக்காகச் சங்கம் வாதாடவில்லை. அம்மனைக் கும்பிட்டு, அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் சாப்பிட்டு, மிச்ச நேரத்தைச் சாட்டிக் கடற்கரையில் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். இரண்டு இடம் போதும். தாய்மாரும் முழங்கால் தண்ணீரில் நின்று சிரிக்கட்டும்.

சாரதி தூங்காமல் இரண்டு இரவு ஓட்டுவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மட்டுமே 321 கிலோமீற்றர். நமது ஊர்களிலிருந்து கண்டிக்கு இறங்கும் வளைவு ரோட்டுத் தூரம் வேறு. 2025 மே 11 விடியற்காலை கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்கவில்லை. பஸ்ஸில் சீட்டுக்கு மேல் ஆள் ஏற்ற வேண்டாம். சோளகக் காலத்தில் பின்னேரக் கடல் குமுறும், நெடுந்தீவுக்குப் போவதானால் காலைப் படகில் போங்கள், திரும்பும் நேரத்தைப் போகும்போதே கேட்டு வையுங்கள். பிள்ளைக்கு அளவான மிதவை அங்கியைக் கேட்டு வாங்கி, கட்டிவிட்ட பிறகே படகில் ஏற்றுங்கள். கொடுக்காவிட்டால் அடுத்த படகுக்கு நில்லுங்கள்.

கோரிக்கைக்கு வருவோம். உழைத்துச் சேர்த்த லீவில் மூன்று நாளை ஆகஸ்ட் விடுமுறைக்குள் சேர்ந்தாற்போல எடுக்கும் உரிமை, மறுக்க முடியாதபடி எழுத்தில் வேண்டும். அரச ஊழியருக்கு உள்ளதுபோலத் தோட்டக் குடும்பங்களுக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது புகையிரத வாரண்ட் வேண்டும். இரண்டையும் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையின் பட்டியலில், நாட்சம்பளத்துக்கு அடுத்த வரியில் சேர்க்கும்படி மாவட்டக் கமிட்டியிடம் கேட்கப் போகிறோம். 'முதலில் சம்பளம், பிறகு மற்றது' என்று நம் தலைவர்களில் சிலர் சொல்வார்கள். பிரசவ லீவு கேட்ட காலத்திலும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இந்த ஆகஸ்டுக்கு லீவு வேண்டியவர்கள் வாயால் கேட்க வேண்டாம். ஒரு தாளில் திகதி போட்டு எழுதி, பெரட்டில் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தெரியாத தாய்மாருக்கு எழுதிக் கொடுக்க நாங்கள் சனிக்கிழமை பின்னேரங்களில் பாடசாலையில் இருப்போம். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொண்டுவந்து கொடுங்கள். எத்தனை தோட்டத்தில் எத்தனை தாய்க்கு மறுத்தார்கள் என்ற கணக்கோடுதான் நாம் பேச்சுவார்த்தை மேசைக்குப் போகப் போகிறோம்.