வயதை மறைக்கும் பயம்

தொண்டூர், செஞ்சி வட்டாரத்தில் கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் வெளியூர் போகும் பெற்றோருக்கு, வயசுப் பெண்ணை யார் பொறுப்பில் விடுவது என்பதே பெரும் கவலை. அந்தக் கவலை பல வீடுகளில் பதினாறு, பதினேழிலேயே தாலியாகிவிடுகிறது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15-19 வயதுப் பெண்களில் 6.3 சதவீதம் பேர் தாயானவர்கள் அல்லது கருவுற்றிருந்தவர்கள். முந்தைய ஆய்வில் இது 5 சதவீதம். குழந்தைத் திருமணம் குறைந்ததாகச் சொல்லும் அதே ஆய்வில் இது கூடியிருப்பது நம்மை உலுக்க வேண்டும்.

ரத்தசோகை, வலிப்பு, குறைமாதப் பிரசவம், இரண்டரைக் கிலோவை எட்டாத குழந்தை என ஆபத்துகள் தெரிந்தவையே. அவற்றை மோசமாக்குவது மறைப்பு. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வழக்கு வருமென்று அஞ்சி, வயிறு தெரியும்வரை கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்வதில்லை. சொன்னாலும் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். ஸ்கேன், இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் தள்ளிப்போகின்றன. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் 19 வயது நிரம்பியவர்களுக்குத்தான். அதிகம் தேவைப்படுகிறவளுக்கே அது இல்லை.

கருக்கலைப்பு நாடும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அவள் அடையாளத்தை மருத்துவர் போலீசுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பிரசவத்துக்கு வரும் சிறுமிக்கும் அந்தப் பரிவு வேண்டும். அரசு மகப்பேறு நிதியுதவிக்கான வயது வரம்பைத் தளர்த்தட்டும். பிள்ளை பெற்றவளை மீண்டும் பத்தாம் வகுப்பில் உட்காரவைக்க ஆசிரியர்கள் அவள் வீடு தேடிப் போகட்டும்.